சிஓஏ, டேலி, கிளவுட்: சான்றிதழை எங்கே காட்டப் போகிறோம்?

அக்கா மகள் பி.காம் முடித்துவிட்டு தருமபுரியில் இருக்கிறாள். போன வாரம் போனில், "சித்தி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டர்ல டிசிஏ (கம்ப்யூட்டர் டிப்ளமோ) சேரச் சொல்றாங்க, சேரட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்படி ஒரு டிப்ளமோவுக்கு நானும் பணம் கட்டியிருக்கிறேன். வேர்டு, எக்செல், பெயின்ட் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார்கள். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்குக் கணக்கு வேலை கேட்டுப் போனபோது அந்தச் சான்றிதழை யாரும் கையில்கூட வாங்கவில்லை. "ஒரு பர்ச்சேஸ் என்ட்ரி போடுங்க பார்ப்போம்" என்றார்கள்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தத் தாளை யாரிடம் காட்டப் போகிறாய்?

அரசு அலுவலகத்தில் என்றால் தட்டச்சும் சிஓஏவும் (அலுவலகக் கணினிப் பயன்பாட்டுக்கான சான்றிதழ்). சிஓஏ தேர்வைத் தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்கு இது கேட்கப்படும் தகுதி. கையில் இல்லாமல் வேலையில் சேர்ந்தாலும் தகுதிகாண் பருவத்துக்குள் முடித்தாக வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய படி தட்டச்சு. அதில் லோயர், ஹையர் என்று இரண்டு நிலைத் தேர்வுகள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் வேண்டும். இல்லையென்றால் ஒன்றில் ஹையர், மற்றதில் லோயராவது வேண்டும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. இந்த வேகம் மாதக்கணக்கில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் கைக்கு வரும். பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிட மதிப்புள்ள தாள் வேறு இல்லை. ஆனால் பரீட்சையில் தேறி வேலை வரும்வரை வீட்டுக்கு வருமானம் கிடையாது.

ஊரிலேயே உடனே சம்பளம் வேண்டும் என்றால் டேலி என்னும் கணக்கு மென்பொருள். ஆனால் வெறும் டேலி போதாது, ஜிஎஸ்டியோடு படிக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் மாங்கூழ் ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சீசனில் லாரி லாரியாக எடைச்சீட்டு வந்து குவியும். விவசாயியிடம் வாங்கும் பெங்களூரா பழத்துக்கு வரி இல்லை. அதே பழம் கூழாகி டின்னில் போகும்போது வரி உண்டு. டேலியில் கொள்முதலுக்கு எஃப்9 கீ, விற்பனைக்கு எஃப்8 கீ என்பது ஒரே நாளில் பழகிவிடும். சப்ளையர் பில் 2பி-யில் (நாம் வாங்கியதற்கான வரிக் கழிவைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்) ஏறவில்லை என்றால் என்ன செய்வது, மாதாமாதம் 11-ம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் வரி கட்டும் ரிட்டர்னான 3பி என்று எப்படித் தயாராவது, இதெல்லாம் தெரிந்தவரைத்தான் ஆடிட்டர் ஆபீஸும் கிரானைட் கம்பெனியும் தேடுகின்றன. சென்டரில் சேரும் முன் "ரிட்டர்ன் போடச் சொல்லித் தருவீங்களா?" என்று கேளுங்கள். மழுப்பினால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

கிளவுட், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களைக் கையாள்வதற்கான சான்றிதழ், பெங்களூரு ஐடி வேலைக்கு. அமேசானின் ஆரம்பநிலைத் தேர்வுக்கு 100 டாலர் கட்டணம், 90 நிமிடத்தில் 65 கேள்விகள். மூன்று ஆண்டுதான் செல்லும். லினக்ஸ், நெட்வொர்க்கிங் தெரியாமல் இதை மட்டும் வைத்து நேர்காணலுக்குப் போனால் நிற்க முடியாது. பி.காம் பெண்ணுக்கு இதை நான் சொல்லமாட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் ஓசூரிலிருந்து தினமும் போய்வரும் எண்ணத்தில் இருந்தால் சரி.

பத்தாவதோடு நின்றவர்களுக்கு ஐடிஐயில் ஓராண்டு கோபா (கணினி இயக்குவதும் புரோகிராமிங் உதவியும் சொல்லித்தரும் பிரிவு) இருக்கிறது. அரசு ஐடிஐ என்றால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் உண்டு. தனியார் டிப்ளமோவுக்குக் கடன் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கள் அக்கா மகள் ப்ளஸ் டூ லீவிலேயே ஆங்கில லோயர் முடித்தவள். அதை வீணாக்க மனம் வரவில்லை. காலை ஏழு மணிக்குத் தமிழ் தட்டச்சு, சாயந்திரம் டேலி என்று முடிவாகியிருக்கிறது. மாங்காய் சீசனில் ஆலைக்கு வந்து என் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். எடைச்சீட்டுகளை அவளே ஏற்றட்டும், நான் சரிபார்க்கிறேன்.