3டி ஸ்கேன் என்று சொல்லி 18,500 ரூபாயைக் கறந்துவிட்டார்கள்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. பல்வலி பாதி, வயிற்றெரிச்சல் மீதி. பேரைச் சொல்லப் போவதில்லை. ஈரோட்டில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக, வாசலில் '3டி ஸ்கேன் வசதி உண்டு' என்று போர்டு வைத்த ஒரு பல் கிளினிக்.

மேல் இடது கடைவாய்ப் பல்லில் முன்பே ரூட் கேனால் செய்து கேப் போட்டிருந்தேன். பொங்கலுக்கு அப்புறம் முறுக்குக் கடித்தால் சுருக்கென்றது, இடது மூக்கில் மட்டும் ஒரு கெட்ட வாடை. போனேன். டாக்டர் முதலில் ஊரைக் கேட்டார். கவுந்தப்பாடி என்றேன். "அட, எங்க அப்பிச்சி ஊருங்க அது!" என்றார். அங்கேயே விழுந்துவிட்டேன். "வேர் நுனியில சீழ் இருந்தா சாதா எக்ஸ்ரேல பல நேரம் தெரியாதுங்க, 3டிதான் எடுக்கோணும்" என்றார். அவர் சொன்னது உண்மை என்பதுதான் கொடுமை.

தாடையை மேடையில் வைத்து, பிளாஸ்டிக் குச்சியைக் கடிக்கச் சொன்னார்கள். மெஷின் தலையைச் சுற்றி வந்தது. ஸ்கேனுக்கு 3,500, பழைய ரூட் கேனாலைப் பிரித்துத் திரும்பச் செய்ய 9,000, புதுக் கேப் 6,000. மொத்தம் 18,500 ரூபாய், ஜிபேயில். கைக்கு வந்தது ஒரு ஃபிலிமும், 'பல் சிகிச்சை' என்று ஒரே வரி எழுதிய துண்டுச் சீட்டும்.

ரெண்டு மாசமாகியும் வாடை போகவில்லை. போன வாரம் கோயமுத்தூரில் ரூட் கேனால் ஸ்பெஷலிஸ்ட் அம்மாவிடம் ஃபிலிமை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "இது ஓபிஜிங்க. ரெண்டு தாடையையும் தட்டையாக் காட்டற படம். 3டின்னு யார் சொன்னது?" என்றார். ரெண்டுக்குமே மெஷின் தலையைச் சுற்றும். நமக்கென்ன தெரியும்?

நிஜமான 3டி ஸ்கேனை, சிபிசிடி என்பார்கள், அந்தப் பல் பகுதிக்கு மட்டும் எடுத்தார்கள். எலும்பை வெங்காயம் நறுக்குவதுபோல மெல்லிசு மெல்லிசாகத் திரையில் தள்ளிக் காட்டினார். கன்னப் பக்கத்து முன் வேரில் ரெண்டாவதாக ஒரு நரம்புக் குழாய் இருக்கிறது. மேல் கடைவாய்ப் பல்லில் இது சகஜமாம். ரெண்டு தடவை ரூட் கேனால் செய்தும் அதைத் தொடவே இல்லை. வேர் நுனியில் எலும்பு கரைந்து கறுப்பாக ஒரு வட்டம், அதற்கு மேலே சைனஸ், அதாவது மூக்கை ஒட்டிய காற்றறை, அதன் உள்தோல் தடித்திருக்கிறது. வாடைக்குக் காரணம் அதுதான். தட்டைப் படத்தில் வேர்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மறைத்துக்கொள்ளும். அது தெரியாமல் போனதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் படத்தை 3டி என்று விற்றார்களே, அதற்குத்தான் ஆத்திரம்.

அன்றிலிருந்து போன் பண்ணுகிறேன். "டாக்டர் கேஸ்ல இருக்கறாருங்க." "கம்ப்யூட்டர் மாத்திட்டமுங்க, பழைய டேட்டா இல்லீங்க." ஒரு தடவை டாக்டரே பேசினார்: "உங்க பல்லு அமைப்பே அப்படிங்க." 18,500 ரூபாய் வாங்கும்போது பல் அமைப்பு நன்றாகத்தான் இருந்தது போல! அப்பிச்சி ஊர்ப் பாசம் அன்றைக்கு எங்கே போனதோ.

விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், கை நடுங்குகிறது. ஸ்கேன் ஃபைலை சிடியிலோ பென்டிரைவிலோ வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் ஃபிலிமோடு கிளம்பாதீர்கள். சிபிசிடி என்று பில்லில் தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் ரிப்போர்ட் கேளுங்கள். ஒரு பல்லுக்காக முழுத் தாடையையும் எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

வியாழக்கிழமை கோயமுத்தூரில், விட்டுப்போன அந்தக் குழாயை எட்ட, அந்த 6,000 ரூபாய்க் கேப்பில் ஓட்டை போடப் போகிறார்கள்.