தென்கரையில் நின்று வடகரையைப் பாருங்கள்: கொலம்பியா மலையிடுக்கில் கூட்ஸ் வண்டிகள்

அமெரிக்காவின் மேற்கே, வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களுக்கு எல்லையாக ஓடும் கொலம்பியா ஆறு காஸ்கேட் மலைத்தொடரை சுமார் 130 கி.மீ. நீளத்துக்கு அறுத்துக்கொண்டு போகிறது. சில இடங்களில் மலைச்சுவர் 1,200 மீட்டர் வரை எழும்பி நிற்கும். இரண்டு கரையிலும் ரயில் பாதை உண்டு. வடகரையில் பிஎன்எஸ்எஃப், தென்கரையில் யூனியன் பசிபிக்; இரண்டும் ரயில் நிறுவனங்கள். கூட்ஸ் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, வண்டி அதிகம் ஓடும் வடகரையிலேயே போய் நிற்பது. படம் எடுக்கும் ஆசை இருந்தால் நிற்க வேண்டியது எதிர்க்கரையில்.

காரணம் வெயில். ஆறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது, சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. வடகரைப் பாதையின் ஆற்றுப் பக்கம் நாள் முழுக்க வெயிலில் குளிக்கும். மலைப்பக்கமாக, அதாவது 14-ஆம் எண் நெடுஞ்சாலைப் பக்கமாக நின்றால் வண்டி முழுக்கக் கறுப்பு நிழலாகத்தான் விழும். யூனியன் பசிபிக் பாதையின் நிலைமை நேர்மாறு. ஹூட் ரிவர் ஊருக்கு மேற்கே தென்கரைச் சுவர் உயரமானது. குளிர்காலத்தில் அந்தப் பாதைக்கு வெயில் கிடைப்பதே அபூர்வம்.

வடகரையில் என்ன ஓடுகிறது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1908-இல் திறந்த இந்தப் பாதை ஆற்று மட்டத்தை ஒட்டியே போவதால் ஏற்றம் மிகக் குறைவு. சியாட்டில் பக்கம் போக மலையைத் தாண்டும் வேறு இரண்டு வழிகளும் கனமான வண்டிக்கு ஏற்றவை அல்ல. ஸ்டீவன்ஸ் கணவாயில் 12.5 கி.மீ. நீளச் சுரங்கம்; ஒரு வண்டி போனபின் ராட்சத விசிறி ஓட்டிப் புகையை வெளியேற்றிய பிறகே அடுத்ததை விட முடியும். ஸ்டாம்பீட் கணவாயின் சுரங்கத்தில் உயரம் போதாது, இரண்டடுக்கு கன்டெய்னர் நுழையாது. அதனால் 2012 முதல் தானியம், எண்ணெய், நிலக்கரி ஏற்றிய வண்டிகள் ஆற்றோரமாக மேற்கே இறங்குகின்றன, காலி வண்டிகளில் பல ஸ்டாம்பீட் வழியாகக் கிழக்கே திரும்புகின்றன. ஆகவே இங்கே பாரம் சுமந்து மேற்கே போகும் வண்டியை எதிர்பார்த்து இடம் பிடியுங்கள். காலி வண்டி வந்தால் அது கொசுறு.

ரொவீனா கிரெஸ்ட்

இந்த மலையிடுக்கில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதுதான். போர்ட்லேண்டிலிருந்து 84-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே வந்து, 69-ஆம் வெளியேறும் வழியில் மோசியருக்கு இறங்கி, பழைய நெடுஞ்சாலையில் 10 கி.மீ. ஏறினால் பாறை விளிம்பு. ஆற்றிலிருந்து சுமார் 200 மீட்டர் உயரம். கட்டணம் இல்லை. கீழே காலடியில் யூனியன் பசிபிக், ஆற்றுக்கு அப்பால் லைல் ஊரும் பிஎன்எஸ்எஃப் பாதையும்.

தானிய வண்டி ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறோம். முதலில் வெளிச்சப் புள்ளி, வலது ஓரத்தில். பிறகு ஹாரன்: இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம். லெவல் கிராஸிங்குக்கு அமெரிக்கா முழுக்க இதே தாளம்தான். ஆறு அகலமானது என்பதால் சத்தம் நான்கு விநாடி பிந்தித்தான் இந்தக் கரைக்கு வந்து சேரும். ஆரஞ்சு எஞ்சின் லைலைத் தாண்டும்போதும் 110 பெட்டிகளின் வால் கண்ணில் படாது. வண்டி சுமார் 2 கி.மீ. நீளம், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓர் இடத்தைக் கடக்க இரண்டரை நிமிடம் ஆகும். கடைசியில், யாரும் இல்லாத எஞ்சின் ஒன்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். முன்னால் இருக்கும் ஓட்டுநர் அதை ரேடியோவில் இயக்குகிறார்.

லென்ஸ் 200 முதல் 400 மி.மீ. வேண்டும், கைபேசி போதாது. மேற்கே போகும் எஞ்சினின் முகத்தில் வெயில் படுவது பிற்பகலில்தான். சிக்கலும் அங்கேதான். கோடைப் பிற்பகலில் கிழக்கே காயும் வறண்ட நிலம் கடல்காற்றை இந்த இடுக்கு வழியாக உறிஞ்சும், ட்ரைபாட் சாயும். ஆற்றுக்கு மேல் கானல் நெளிந்து, பெட்டியில் எழுதிய எழுத்தெல்லாம் கரைந்துபோகும். ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுத்தீப் புகை இருக்கலாம். அக்டோபர் பிற்பகலே எங்கள் தேர்வு. ஏப்ரலில் மஞ்சள் பூக்கள் பார்க்கக் கூட்டம் அலைமோதும், கார் நிறுத்த இடம் கிடைக்காது. புல்லில் உண்ணி உண்டு. மூன்று இலையாக விரியும் பாய்சன் ஓக் செடி காலில் பட்டால் அரிப்பு வாரக்கணக்கில் விடாது.

ஹார்ஸ்தீஃப் ஏரி, கொலம்பியா ஹில்ஸ் பூங்கா

வாஷிங்டன் பக்கம். நாள் சீட்டு 10 டாலர். ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவே கரை போட்டு அதன்மேல் தண்டவாளம் போகிறது. காற்றில்லாத காலையில் வண்டி தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். நீங்கள் வடக்கே நிற்பதால் நடுப்பகலில் எல்லாம் எதிர்வெயில். ஜூன் மாதம் மட்டும் விதிவிலக்கு: சூரியன் வடமேற்கில் மறைவதால் மாலை 6-க்குமேல் வண்டியின் வடபக்கமும் பொன்னிறமாகும். பாறைகளில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. கைவைக்கும் முன் பாருங்கள்.

விஷ்ரம்

காட்சிக்காக அல்ல, இயந்திரத்துக்காகப் போக வேண்டிய ஊர். சிறிய யார்டு, கிரேட் நார்தர்ன் நிறுவனத்தின் 2507 எண் நீராவி எஞ்சின், அருகிலேயே ஆற்றைக் கடந்து ஆரிகன் உட்புறம் போகும் பாதையின் இரும்புப் பாலம். மரம் கிடையாது, நிழல் கிடையாது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள்.

வடகரையில் உள்ள ஹோம் வேலி முகாமில் தண்டவாளம் கூடாரத்துக்கு அருகிலேயே. ரயில் பைத்தியத்துக்குச் சொர்க்கம், உடன் வந்தவருக்கு உறக்கம் போச்சு. மல்ட்னோமா அருவியை ரயிலுக்காகப் பரிந்துரைக்க மாட்டோம். வண்டி பக்கத்திலேயே போகிறது, உண்மைதான். ஆனால் நெரிசல், நிழல், கோடையில் கார் நிறுத்த நேர அனுமதிச் சீட்டு என்று மூன்றும் சேர்ந்து பொறுமையைச் சோதிக்கும்.

காத்திருக்கும் வித்தை

கூட்ஸுக்கு நேர அட்டவணை கிடையாது. பயணிகள் வண்டிக்கு உண்டு. ஆம்ட்ராக்கின் எம்பயர் பில்டர் வடகரையில் தினம் ஒருமுறை மேற்கே, ஒருமுறை கிழக்கே. காலை 8 மணியை ஒட்டியும் மாலை ஆறரையை ஒட்டியும் பிங்கென் நிலையத்தைத் தொடும், தாமதமில்லாவிட்டால். பாதை பெரும்பாலும் ஒற்றை என்பதால், அது வரும்போது கூட்ஸ்கள் லூப் லைனில் ஒதுங்கும். அது போனதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். அந்த ஒரு மணி நேரத்தைத் தவற விடாதீர்கள்.

160–162 மெகாஹெர்ட்ஸில் ரயில்வே ரேடியோவைக் கேட்கும் ஸ்கேனர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பாதையோரக் கருவிகள் சக்கர அச்சின் சூட்டைப் பார்த்துவிட்டு, கோளாறு இல்லை, மொத்த அச்சு இத்தனை என்று குரலில் அறிவிக்கும். 464 என்று கேட்டால்: எஞ்சினுக்கு ஆறு, பெட்டிக்கு நான்கு. நான்கு எஞ்சினுக்கு 24 கழித்தால் 440, அதாவது 110 பெட்டி. தானிய வண்டி என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். கன்டெய்னர் வண்டிக்கு இந்தக் கணக்கு உதவாது. ஐந்து அலகு சேர்ந்த ஒரு பெட்டிக்கு 12 அச்சுதான், பக்கத்து அலகுகள் சக்கரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

மழை பெய்த மறுநாள் வண்டிகள் ஊர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பாறைச் சரிவில் கம்பி வேலி கட்டியிருக்கிறார்கள். கல் விழுந்து கம்பி அறுந்தால் சிக்னல் சிவப்பாகும். தென்கரையில் 2016 ஜூன் 3 அன்று மோசியரில் எண்ணெய் வண்டியின் 16 பெட்டிகள் தடம்புரண்டு, அவற்றில் சில தீப்பிடித்ததற்குக் கல் காரணமல்ல. வளைவில் தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கும் திருகாணிகள் உடைந்து, இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி விரிந்துவிட்டது.

ஆற்றோரத்தில் தண்டவாளத்தைத் தாண்டி இறங்கினால் நல்ல கோணம் கிடைக்கும் என்று தோன்றும். இறங்காதீர்கள். அது ரயில்வேக்குச் சொந்தமான நிலம், நுழைந்தால் வழக்கு. பாறை மறைப்பதால் வளைவில் வண்டி வரும் சத்தமும் கடைசி நொடி வரை கேட்காது. பாதையில் கல்லோ மரமோ விழுந்து கிடப்பதைப் பார்த்தால், லெவல் கிராஸிங் கம்பத்தில் இருக்கும் நீலப் பலகையில் உள்ள எண்ணை அழைத்து, அதிலேயே அச்சிட்டிருக்கும் கிராஸிங் அடையாள எண்ணைச் சொல்லுங்கள். அவர்கள் இடத்தை அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

கரை மாற வேண்டுமென்றால் பிரிட்ஜ் ஆஃப் தி காட்ஸ், ஹூட் ரிவர் பாலங்களில் சுங்கம் உண்டு. தி டால்ஸிலும் பிக்ஸிலும் இலவசம். ஜூனில் ரொவீனாவில் பிற்பகல், ஹார்ஸ்தீஃபில் மாலை என்று திட்டமிட்டால் தி டால்ஸ் பாலம்தான் வழியில் வரும்.