வருட உச்சமா, அடிமட்டமா: எந்தப் பட்டியலைத் தொடலாம்?

ஆடித் தள்ளுபடியில் பழகிய கண் நமக்கு. பங்குச் சந்தைப் பக்கத்தைத் திறந்தால், 52 வார அடிமட்டத்தில், அதாவது கடந்த ஓராண்டின் மிகக் குறைந்த விலையில், கிடக்கும் பங்குகளின் பட்டியலுக்குத்தான் அது முதலில் ஓடும். 'பாதி விலைக்கு வந்துவிட்டதே!' அருகிலிருக்கும் 52 வார உச்சப் பட்டியலைப் பார்த்தாலோ, 'ஏற வேண்டியதெல்லாம் ஏறிவிட்டது, இனி நமக்கெதற்கு' என்று தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். இப்போது இரண்டில் ஒன்று என்றால் உச்சப் பட்டியலைத்தான் எடுப்பேன்.

ஒரு பங்கு வருட உச்சத்தில் நிற்கிறதென்றால், கடந்த ஓராண்டில் அதை வாங்கி வைத்திருக்கும் எவருக்கும் இன்று நஷ்டமில்லை. 'போட்ட பணம் திரும்பினால் போதும்' என்று விற்கக் காத்திருக்கும் கூட்டம் மிகக் குறைவு. அடிமட்டத்தில் கதை தலைகீழ். ஓராண்டில் வாங்கிய அத்தனை பேரும் நஷ்டத்தில் இருப்பார்கள். விலை நான்கு ரூபாய் ஏறினால் அங்கே ஒருவர் விற்பார், எட்டு ரூபாய் ஏறினால் இன்னொருவர்.

சென்னையின் டயர் நிறுவனமான எம்ஆர்எஃப்பின் பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அந்த விலையைக் கண்ட முதல் பங்கு அதுதான். அன்றைக்கு அது உச்சம். அடுத்த ஜனவரியில் ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. (அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகளே சுமார் 42 லட்சம்தான். ஒரு பங்கின் விலை பெரிதாகத் தெரிவதற்கு அதுவும் காரணம்.)

மறுபக்கம் யெஸ் பேங்க். 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தாண்டியிருந்தது. அடுத்த மாதமே, தலைமை அதிகாரியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியதும் சரிவு தொடங்கியது. 200, 100, 50 என்று இறங்கிய வழியெல்லாம் அது அடிமட்டப் பட்டியலில் வந்து கண்சிமிட்டியது. 50 ரூபாய்க்கு வாங்கியவர், 'எட்டில் ஒரு பங்காகிவிட்டது, இதற்கு மேல் என்ன இறங்கும்' என்றுதான் நினைத்திருப்பார். 2020 மார்ச்சில் வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்ற தடை வந்ததற்கு மறுநாள், பங்கு 6 ரூபாய்க்கும் கீழே போய் வந்தது. அதாவது அவருடைய பணமும் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே.

அடிமட்டக்காரர்கள் உடனே டாடா மோட்டார்ஸைக் காட்டுவார்கள். நியாயம்தான்: 2020 மார்ச்சில் 65 ரூபாய்ப் பக்கம் கிடந்தது 2024 ஜூலையில் 1,100 ரூபாயைத் தாண்டியது. ஆனால் அந்தப் பங்கு 2016-இன் பிற்பகுதியிலிருந்தே சரிந்துகொண்டிருந்தது. ஓராண்டு அடிமட்டம் வேறு, பல ஆண்டுச் சரிவு வேறு; இந்த வேறுபாடு முக்கியமானது. அடிபட்ட பங்குகள் பின்னால் நன்றாக ஏறுகின்றன என்று 1985-இல் டி பாண்ட், தேலர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்கச் சந்தையில் காட்டினார்கள். அவர்கள் அளந்தது மூன்று முதல் ஐந்து ஆண்டுச் சரிவை; அதுவும் ஒரு கூடை நிறையப் பங்குகளை. 52 வார உச்சத்தையே நேராக ஆராய்ந்தவர்கள் ஜார்ஜ், ஹ்வாங். 2004-இல் வந்த அவர்கள் ஆய்வில், உச்சத்துக்கு அருகே இருந்த பங்குகளே அடுத்த மாதங்களில் மேலாக ஓடின. பழைய உச்சம் மனதில் வேலிபோல் நிற்பதால், நல்ல செய்தி வந்தாலும் வாங்குபவர்கள் தயங்குகிறார்கள். விலை அதை மெதுவாகத்தான் ஏற்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

உச்சப் பட்டியல் காலைவாரும் இடமும் உண்டு: சந்தை முழுவதும் ஒன்றாக உச்சத்தில் நிற்கும் நாள். 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 21,000-ஐத் தாண்டியபோது அந்தப் பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. அக்டோபரில் சென்செக்ஸ் 8,000-க்குக் கீழே. ஆகவே, துறையே தூங்கும்போது தனியாக உச்சம் தொடும் பங்கின் மீதுதான் எனக்கு நம்பிக்கை. அதிலும் கடைசி இரண்டு காலாண்டுகளில் லாபம் கூடியிருக்கிறதா, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

இன்னொரு வசதி, வெளியேறும் வழி. உச்சத்தில் வாங்கியது பத்து சதவீதம் இறங்கினால் என் கணக்கு தப்பு என்று விற்றுவிடுவேன். அடிமட்டத்தில் வாங்கியவருக்குப் பத்து சதவீத இறக்கம் 'இன்னும் மலிவு' ஆகிவிடுகிறது. ஆவரேஜ் செய்கிறேன், அதாவது வாங்கிய சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று அவர் இன்னும் நூறு பங்கு வாங்குவார்.