வீகன் கஃபேதானே என்று நம்பிப் போனோம்

பால் அலர்ஜி உள்ள பிள்ளையை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. பால், தயிர், வெண்ணெய் எதுவும் ஆகாது. வெளியே போனால் சமையல்காரர் வரை போய் விசாரித்து, பயந்து பயந்துதான் சாப்பிட வைப்பேன். அதனால் இளைஞர்கள் கூடும் ஒரு தெருவில் 'நூறு சதவீதம் வீகன்', அதாவது பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேர்க்காதது, என்று பலகை போட்ட சின்ன கஃபேயைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு நிம்மதி. ஞாயிறு அன்று காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாட்டுக்கு (brunch) போனோம். ஆறே மேசைகள். முக்கால் மணி நேரம் வாசலில் நின்றோம், அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஆர்டர் எடுக்க வந்த தம்பியிடம், "பாப்பாவுக்குப் பால் அலர்ஜி, துளி பட்டாலும் ஆகாது" என்றேன். "இங்கே பாலே உள்ளே வராதுக்கா, கவலைப்படாதீங்க" என்றார். மெனுவில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றதும் அவள் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பான்கேக் கேட்டாள், மேலே கிரீமோடு.

பாதி சாப்பிடும்போதே உதடு அரிக்கிறது என்றாள். ஐந்து நிமிடத்தில் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. நேராக மருத்துவமனைக்கு ஓடினோம். நல்லவேளை, மூச்சுத் திணறல் வரவில்லை. மாலை வரை கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

மறுநாள் போய் அந்த கிரீம் பாக்கெட்டைக் காட்டச் சொன்னேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'பால் சேராதது'. பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் சோடியம் கேசினேட். பாலில் உள்ள கேசீன் என்ற புரதத்திலிருந்து எடுப்பது அது. லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு அதனால் தொல்லை வராமல் போகலாம், ஏனென்றால் லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை, புரதம் அல்ல. என் மகளுக்கு ஆகாததே அந்தப் புரதம்தான். உரிமையாளரிடம் விரல் வைத்துக் காட்டினேன். "அது வெறும் பவுடர் மேடம், இத்தனை நாளா யாரும் குறை சொன்னதில்லை" என்றார்.

பால்கூட வேண்டாம் என்று ஒதுங்கிய சைவர்கள் 1944இல் இங்கிலாந்தில் தங்களுக்கென உண்டாக்கிய சொல் வீகன். அதைப் பலகையில் எழுதுகிறவர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டாமா?

பலகையை நம்பாதீர்கள். கிரீம், சீஸ், ரொட்டி எதுவானாலும் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேசீன், கேசினேட், வே (whey, பால் திரியும்போது பிரியும் தண்ணீர்) என்று ஏதாவது இருந்தால் அது பால்தான். பசும்பாலும் வைத்திருக்கிற கடை என்றால், ஓட்ஸ் பாலை நுரைக்க வைக்கும் குவளை தனியா என்றும் கேளுங்கள். சேர்மானத்தில் பால் இல்லாவிட்டாலும், பால் பொருள் தயாராகும் ஆலையில் செய்தது என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால் நான் இப்போது வாங்குவதில்லை.

பில் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார் உரிமையாளர். பணம் வேண்டாம், அந்த கிரீமை நிறுத்துங்கள், இல்லையென்றால் மெனுவில் பால் புரதம் உண்டு என்று எழுதுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். பத்து நாள் ஆகிறது. நேற்றும் போய்ப் பார்த்தேன். பலகையும் மாறவில்லை, மெனுவும் மாறவில்லை.