தனியார் அம்புலன்ஸ் கூப்பிட முன் இதை வாசியுங்கள்

கொழும்பில் வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிற எல்லோருக்கும் இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டிக்கெட் வெட்டி, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். நியூமோனியா ஓரளவு சுகமாகியிருந்தாலும் மூச்சுக் கஷ்டம் விடவில்லை, நிமிடத்துக்கு 3 லீட்டர் ஒட்சிசன் தொடர்ந்து போக வேண்டும் என்று டொக்டர் எழுதித் தந்திருந்தார், வீட்டில் மெஷினும் வாடகைக்கு எடுத்து வைத்தாயிற்று, வெள்ளவத்தை வரை கொண்டுவருவதுதான் பாக்கி. 1990க்கு போன் பண்ணினால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் அது அவசர நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற சேவை, வீட்டில் கொண்டுவந்து விடுவதற்கல்ல. அதனால் தனியாரிடம் பேசினோம். ஒட்சிசன், பயிற்சி பெற்ற உதவியாளர், படியில் தூக்க இரண்டு பேர் என்று போனில் எதைக் கேட்டாலும் "இருக்கு, இருக்கு" என்றார்கள்.

வந்தது ஒரு பழைய டொல்பின் வான், உள்ளே சாரதி மட்டும். உதவியாளர் வழியில் ஏறுவார் என்றார், கடைசிவரை யாரும் ஏறவில்லை. ஸ்ட்ரெச்சரில் நெஞ்சுப் பட்டியே இல்லை, இடுப்புப் பட்டியின் கொக்கி உடைந்துபோய் நைலோன் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. வார்ட்டில் கட்டிலை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டதால் அம்மாவைத் திரும்ப ஏற்றவும் இடமில்லை. பிரேக் போடும்போதெல்லாம் ஸ்ட்ரெச்சர் முன்னுக்கு ஓடியது, அண்ணாவும் நானும் முழங்காலில் இருந்து பிடித்துக்கொண்டே வந்தோம். ஐரோப்பாவில் ஈஎன் 1789 என்ற தரத்தின்படி ஸ்ட்ரெச்சரும் சிலிண்டரும் தம் எடையைப்போல் பத்து மடங்கு விசை வந்தாலும் அசையாமல் பூட்டியிருக்க வேண்டும். இங்கே சிலிண்டர் சீட்டுக்கு அடியில் சும்மா உருண்டது.

பம்பலப்பிட்டி தாண்டவில்லை, அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. விரலில் மாட்டிய ஒட்சிமீற்றரில் இரத்த ஒட்சிசன் 84 வீதம்தான், ஆபத்தான குறைவு. சிலிண்டரைப் பார்த்தால் ஊசி சிவப்புக்குள் கிடக்கிறது, வேறு சிலிண்டரும் இல்லை. வழியில் இருந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குள் திருப்பச் சொல்லி அங்கே ஒட்சிசன் கொடுத்த பிறகுதான் அம்மாவின் உதட்டுக்கு நிறம் வந்தது. அப்போதும் அந்தச் சாரதி கேட்டது வெயிட்டிங் காசு! 9,000 என்று பேசியது 16,500 ஆனது, பற்றுச்சீட்டும் தரவில்லை.

சிலிண்டர் கணக்கைத் தெரிந்துவைத்திருங்கள், கஷ்டமில்லை. அம்புலன்ஸில் வழக்கமாக வைக்கிற ஈ ரகச் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 680 லீட்டர். நிமிடத்துக்கு 3 லீட்டர் என்றால் மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் வரும், கால்வாசிதான் இருந்தால் ஒரு மணித்தியாலம்கூட வராது, வேலை விடுகிற நேரம் காலி வீதியில் அது எந்த மூலைக்கு? நோயாளியை ஏற்ற முன்னரே ஊசியைப் பாருங்கள், வால்வைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், இரண்டாவது சிலிண்டர் எங்கே என்று கேளுங்கள், பட்டிகளை நீங்களே இழுத்துப் பாருங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

இன்னொன்று, 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தனியார் அம்புலன்ஸ் சேவைகளும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவையில் பதிய வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பேசும்போதே பதிவு இலக்கத்தைக் கேட்டு, இந்த வருடத்துச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நான் இலக்கத்தகடு, கயிற்று முடிச்சு, சிவப்பில் நின்ற ஊசி மூன்றின் படங்களோடும் பேரவைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். காசு விஷயத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இப்படி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் எழுத்தில் அனுப்புங்கள், ஒரு முறைப்பாட்டுக்கு ஒருவரும் அசைய மாட்டார்கள்.