காசிமேடு, ராயபுரம் படப்பிடிப்புக்கு உள்ளூர் புரொடக்‌ஷன் குழு: ஒரு ஷெட்யூல் முடிந்த பின் மதிப்பீடு

புரொடக்‌ஷன் மேனேஜர், அனுமதி, வண்டி நிறுத்தம், சாப்பாடு எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி எடுத்துக்கொள்ளும் வடசென்னைக் குழு இது. அனுமதி, தெரு வேலையில் கெட்டி. கணக்கில் இன்னும் தேற வேண்டும்.

லொகேஷன் பார்க்க வரும்போதே கையில் டேப் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் தெரு அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. வாசல்படி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, கேபிள் டிவி ஒயர் எவ்வளவு தாழத் தொங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள். கேரவன் திரும்பாது என்று தெரிந்தால் முந்தைய நாளே பக்கத்தில் ஒரு வீட்டு மாடியைப் பேசி முடித்துவிடுகிறார்கள். வண்டி நுழையும் வரிசையையும் டிரைவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்: முதலில் ஜெனரேட்டர், அடுத்து லைட் வண்டி, கடைசியில் கேமரா வண்டி. இது மாறினால் உள்ளே போனதை வெளியே எடுப்பதற்குள் காலை வெளிச்சம் போய்விடும், யூனிட் மொத்தமும் சும்மா நிற்கும்.

தேதி போடும்போதே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் குறுக்கே வருகிறதா என்று கேட்டுவிடுகிறார்கள். அப்போது விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கும். படகுக் கூட்டம் வேண்டுமென்றால் வசதி. ஆனால் விடியற்காலை மீன் ஏலமும் அந்த ஜனமும் கிடைக்காது. தடைக்கு முன் பாதி, தடையில் மீதி என்று ஒரே காட்சியை எடுத்தால் கண்டினியுட்டி உதைக்கும், ஷாட்டுக்கு ஷாட் பின்னணி ஒட்டாது. ராயபுரம் ரயில் நிலையத்துக்குத் தெற்கு ரயில்வேயிடம் தனி அனுமதி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

குறை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தெரிந்தது. ஏலக்கூடத் தரையில் ஐஸ் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஓயாமல் ஓடும். கேபிள் ஜாயின்ட் அந்த ஈரத்திலேயே கிடந்தது. லைட்மேன் சத்தம் போட்ட பிறகுதான் மீன் பெட்டிகளைக் கவிழ்த்து மேலே ஏற்றினார்கள். உயிர் போகிற விஷயம் இது; ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். லைவ் சவுண்டுக்காக (ஸ்பாட்டிலேயே குரலைப் பதிவு செய்ய) ஜெனரேட்டரைத் தள்ளி நிறுத்தும்போது தடித்த கேபிள் வேண்டும் என்பதையும் நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மெல்லிய கேபிள் நீள நீள வோல்டேஜ் இறங்கும்.

பேட்டா (தினப்படி) அன்றன்றைக்கே, பேக்கப் சொல்லி வேலை முடிந்தவுடன் கைக்கு வந்துவிடுகிறது. இதற்காகவே ஆட்கள் மறுநாள் முகம் சுளிக்காமல் வருகிறார்கள். ஆனால் பார்க்கிங், வாட்ச்மேன், தெருச் செலவு எல்லாம் ‘இதர செலவு’ என்று ஒரே வரியில் வருகிறது. ஆடிட்டர் அதை ஏற்கமாட்டார். வாங்கியவர் கையெழுத்தோடு தனித்தனி வவுச்சரை அன்று இரவே வாங்கிவிட வேண்டும், வாரக் கடைசி என்று விட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

எண்ணூர் பக்கம் ஆறு மணிக் கால்ஷீட் என்றால் வடபழனியிலிருந்து யூனிட் வண்டியை நாலரைக்கே கிளப்பச் சொல்கிறார்கள். சொன்னபடி கேளுங்கள், விடிந்துவிட்டால் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.