டிசபிலிட்டி பென்ஷன் மறுப்பு: மேல்முறையீட்டின் மூன்று படிகள் எப்படி?

பட்டாளத்திலிருந்து உடல்நலம் கெட்டுச் சேலத்துக்கோ ஏற்காட்டு மலையூர்களுக்கோ திரும்பியவருக்கு, டிசபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) கிடையாது என்று வரும் மறுப்புக் கடிதத்தின் வாசகம் பழகியதுதான்: நோய் பணியால் வந்ததல்ல, பணியால் முற்றியதும் அல்ல. இல்லாவிட்டால், ஊனம் 20 சதவீதத்துக்குக் குறைவு என்றிருக்கும்.

முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் அவகாசம். இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது. ஆனால் குடும்பக் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. மேல்முறையீட்டுக் குழு பார்ப்பது, வெளிவரும்போது பரிசோதித்த மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டின் காகிதத்தைத்தான். ஆகவே அந்த போர்டின் அறிக்கையான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 படிவத்தின் நகலை, உங்கள் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸிடம் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அந்த ஆபீஸ் வெலிங்டனில். பதிலுக்கு 30 நாள்.

நகலில் மூன்று இடங்களைப் பாருங்கள். சேரும்போதே நோய் இருந்ததாகக் குறிப்பு உண்டா? பணிக்குத் தொடர்பில்லை என்பதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா? ‘அமைதிப் பகுதியில் (போர்முனை அல்லாத இடத்தில்) வந்தது’ என்ற ஒற்றை வரி மட்டுமா? சேர்க்கையில் குறிப்பில்லாத நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுவின் உயிர் இதுதான்.

நகல் வரத் தாமதமானால் கெடுவைத் தவறவிடாதீர்கள். மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, ஆவணம் பின்னால் வரும் என்று குறிப்பிடுங்கள். ரசீது பத்திரம்.

இரண்டாவது மேல்முறையீடும் அதே காகிதங்களைத்தான் பார்க்கிறது. புது மருத்துவ ஆதாரம் இருந்தால் இங்கே சேருங்கள்.

உண்மையில் பலமான இடம் மூன்றாவது படியான ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையில் அமர்வு இருக்கிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஓரிரவுப் பயணம். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். மனுவுக்கு ஆறு மாதமாக முடிவு வராவிட்டாலும் இங்கே போகலாம், அந்த ரசீது அப்போது பேசும். தொகையும் சிறியதல்ல: 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்ற கணக்கில், 30 சதவீத ஊனம் விதிப்படி 50 ஆக உயர்த்தி எண்ணப்பட்டால் சம்பளத்தில் 9 சதவீதம் 15 ஆகிறது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் இந்த உயர்வு உண்டென்று 2014இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. தாமதித்துப் போனால் நிலுவை மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று குறையலாம்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத வழி கேட்கலாம். முடிவு அவர்கள் கையில் இல்லை. 21-9-2023 முதல் பணியிலிருந்து வெளிவந்தவர்களுக்குப் புதிய விதிகள் பொருந்தும். பழைய தீர்ப்பை அப்படியே ஒட்டி எழுத வேண்டாம்.